லொறிச் சாரதியின் உறக்கம்

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கடலை நோக்கி நின்றுகொண்டே எழுதினர். 1624இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, 1639இல் அதைப் பறித்த ஒல்லாந்தர், 1782இல் பாய்மரக் கப்பல்களோடு வந்திறங்கிய பிரெஞ்சுத் தளபதி சப்ரன், 1795இல் கொடியேற்றிய ஆங்கிலேயர் எனப் படைத்தலைவர்களின் வரிசை நமது பாடநூல்களில் நீண்டு செல்கின்றது. மாணவரும் மனனஞ்செய்து ஒப்புவிக்கின்றனர். ஆனால் துறைமுகத்துக்கு முதுகுப்புறம் ஒன்று உண்டு. கப்பலில் வந்த எதுவும் துறையிலேயே கிடந்துவிடுவதில்லை. மாவாயினும், சீமெந்தாயினும், எண்ணெயாயினும், காட்டைக் கடந்து மலைநாட்டுக்கும் மேற்குக் கரைக்கும் போய்ச் சேர்ந்த பின்னரே மக்களுக்குப் பயன்படுகின்றது. அந்தப் பயணத்தைச் செய்தவர் யார், அவர் எவ்வாறு உயிரோடு திரும்பினார் என்ற கேள்விகளை நமது வரலாற்றாசிரியர் கேட்டதாகத் தெரியவில்லை.

இக்கேள்விகளை நம்முள் எழுப்பியவன் ஒரு மாணவன். ‘என் தந்தையின் தொழில்’ என்னும் தலைப்பில் ஒன்பதாம் வகுப்பினரைக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தோம். மீனவர், கமக்காரர், கடைச் சிப்பந்தி எனப் பல தந்தையர் அக்கொப்பிகளில் வந்து போயினர். லொறிச் சாரதி ஒருவரின் மகன் எழுதிய முதல் வாக்கியம் இது: அப்பா வீட்டில் நிற்கும் நாளில் நாங்கள் சத்தம் போடக் கூடாது. தொழிலைப் பற்றி எழுதச் சொன்னால் பிள்ளை தகப்பனின் உறக்கத்தைப் பற்றி எழுதுகின்றானே என்று சிவப்பு மைப் பேனாவைக் கையில் எடுத்தோம். பின்னர் யோசித்துப் பார்த்தபோது, அவன் தலைப்பை விட்டு ஓர் அடியேனும் விலகவில்லை என்பது புலனாயிற்று.

துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் வழி ஆதியில் வண்டிகளுக்காக அமைந்ததன்று. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி, கண்டி அரசனின் சிறையாளாகக் காட்டுவழியே உள்நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டான். பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிச் சென்ற அவன் 1681இல் வெளியிட்ட நூலில், வழிகள் ஒடுங்கியும் முட்கடவைகளால் அடைபட்டும் கிடந்ததை விவரித்துள்ளான். வழி அகன்றால் பகைவன் வருவான். எனவே, வழி இடர் மிகுந்ததாய் இருப்பதே நாட்டுக்குக் காப்பு. இது கண்டி அரசின் கணக்கு. 1804இல் கண்டிவரை சென்று திருகோணமலைக்குப் பின்வாங்கிய ஆங்கிலக் கப்டன் ஜோன்ஸ்டனின் படை பட்ட பாட்டை நோக்கின், அரசனின் கணக்குப் பிழையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அரசனுக்குக் காப்பாயிருந்த அதே ஒடுக்கம், தவளமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றிச் சென்ற ஏழை வியாபாரிக்குக் காப்பாயிருந்ததா? யாருடைய பாதுகாப்பு என்ற கேள்வி இவ்வீதியில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்டது.

ஆங்கிலேயர் வழியை அகலமாக்கினர். அதற்கான உழைப்பு எவருடையது என்பதற்கு 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டமே சான்று. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் ஊதியமின்றி உழைக்கவேண்டும். இயலாவிடின் மூன்று சிலிங் செலுத்தவேண்டும். அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. கண்டியிலிருந்து திருகோணமலைக்கு வரும் வீதி அதே மாத்தளையைக் கடந்துதான் வருகின்றது.

1927இல் புகையிரதம் திருகோணமலைக்கு வந்தது. அக்காலத்தில் துறைமுகம் முழுவதும் போர்க்கப்பல்களுக்கே உரியது. சீனன்குடாவில் காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்க் குதமொன்று தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. ஏகாதிபத்தியங்களின் சண்டையில் இந்நகரம் பட்ட தழும்பை அவ்விடத்தில் இன்றும் காணலாம். 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. தளம் போனது நாட்டுக்கு வெற்றி. அத்தளத்தை நம்பிப் பிழைத்த கூலித் தொழிலாளருக்கோ அது வேலையிழப்பு. இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் வைத்திருத்தல் நலம்.

துறைமுகம் பண்டங்களின் துறைமுகமாக மாறியது அதன் பின்னரே. 1960ஆம் ஆண்டளவில் கந்தளாயில் சீனித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 1980ஆம் ஆண்டளவில் சீனன்குடாவில் கோதுமை மா ஆலை வந்தது. அதே பத்தாண்டில் சீமெந்துத் தொழிற்சாலையும் வந்தது. கோதுமை கப்பலில் வரும். மா லொறியில் போகும். நாட்டின் எந்த மூலையில் பாண் வெந்தாலும், அதன் மா திருகோணமலை வீதியில் ஓர் இரவு பயணம் செய்திருக்கக்கூடும். 2003இல் எண்ணெய்க் குதங்கள் குத்தகைக்கு விடப்பட்டபின் பவுசர்களும் அவ்வீதியில் சேர்ந்துகொண்டன. இவற்றுக்கெல்லாம் முந்தியது மீன் லொறி. பனிக்கட்டியில் புதைத்த மீன் விடியுமுன் கொழும்புச் சந்தையை அடையவேண்டும். கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். மீன் காத்திருக்காது, ஆகவே சாரதியும் காத்திருக்க முடியாது.

இவ்வீதியில் ஓடும் சாரதி எவற்றுக்கு அஞ்சுகின்றார்? கந்தளாயைக் கடந்தபின் ஹபரணைவரை இருபுறமும் காடு. யானைகள் இரவில் வீதியைக் கடக்கும். கரிய நிறமும் அசையாத நிலையுமாக நிற்கும் யானை, விளக்கொளியில் கடைசிக் கணத்தில்தான் யானையாகத் தெரியும். 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பகுதியில் பயணிகள் புகையிரதம் மோதி ஆறு யானைகள் மாண்டன. தண்டவாளத்தில் நேர்ந்தது வீதியிலும் நேரக்கூடியதே. இக்காட்டில் யானை வழிப்போக்கனன்று. வீதிதான் அதன் வழியில் குறுக்கிட்டது. அனுபவமுள்ள சாரதிகள் இதை நன்கறிவர். யானை நின்றால் அவர்கள் ஒலிப்பானை அழுத்துவதில்லை. பெருவிளக்கைத் தாழ்த்தி, தொலைவிலேயே நின்று, அது போகும்வரை பொறுத்திருப்பர். இதற்கு வேண்டுவது ஒன்றே: பொறுத்திருப்பதற்கான நேரம். அந்த நேரம் அவருடைய கையில் இல்லை என்பதிலேயே இடர் தொடங்குகின்றது.

காட்டுக்குள் நுழையுமுன் பசுங்கொப்பொன்றை முறித்து மரத்தில் தொங்கவிட்டு ஐயனாரை வேண்டிக்கொள்ளும் வழக்கம் வடமத்திய மாகாணச் சிங்களக் கிராமத்தவரிடையே நெடுங்காலம் இருந்தது. தமிழருக்கும் அவர் ஐயனாரே. வன்னி வழியே செல்லும் வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நின்று தேங்காய் உடைத்துச் செல்வதை அறியாதார் இலர். பகுத்தறிவு பேசும் நண்பர்கள் இதனை மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரிப்பர். நாமும் ஒருகாலத்தில் சிரித்தவர்களே. ஆனால் சற்று நோக்குங்கள்: சாரதி இறங்குகின்றார், கால்களை நீட்டுகின்றார், முகங்கழுவுகின்றார், தேநீர் குடிக்கின்றார், சில்லுகளைத் தட்டிப் பார்க்கின்றார். முதலாளி தராத கால்மணி நேரத்தைப் பிள்ளையார் தருகின்றார். பிள்ளையாரின் பெயரால் நின்ற வண்டியை, ஏன் நின்றாய் என்று எந்த முதலாளியும் கேட்டதில்லை.

தெற்கே மட்டக்களப்பு வீதியின் கதை வேறு. அங்கே காட்டிலும் நீரே பெரும் இடர். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் இடத்தில் ஆறு பல கிளைகளாகப் பிரிகின்றது. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் எனத் துறைக்குத் துறை இறங்கி, மிதவையில் வண்டியை ஏற்றி, அக்கரையில் இறக்கவேண்டும். கிழக்கில் அம்மிதவைக்கு மக்கள் இட்ட பெயர் ‘பாதை’. வீதி முடிந்துபோகும் இடத்தில் தொடங்குவதைப் பாதை என்று அழைத்த மக்களின் சொல்லாட்சியை எண்ணி வியக்கின்றோம். பாரமேற்றிய லொறியைப் பலகையில் இறக்கும் அந்தச் சில விநாடிகள் சாரதியின் தொழில்திறன் முழுவதையும் வேண்டுவன. முன்சில்லு மிதவையில் ஏறும்போது மிதவை தாழும். பின்சில்லு ஏறும்போது கரையை விட்டு விலகப் பார்க்கும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் பாதை ஓடாது. கரையில் ஒரு நாளோ இரண்டு நாளோ கிடக்கவேண்டியதுதான்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் மற்றைய துறைகளிலும் பாலங்கள் வந்தன. அவற்றோடு நீரின் இடர் தீர்ந்தது என்று எழுத விரும்பினோம். ஆனால் 2021 நவம்பர் 23ஆம் திகதி, அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் மாற்றாக விடப்பட்ட படகுப்பாதை கவிழ்ந்தது. இறந்தவருள் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இருந்தனர். பெருவீதிக்குப் பாலம் வந்தபின்னரும், சிறுவீதியின் மக்கள் மிதவையை நம்பியே இருக்க நேர்ந்தது.

பாரத்தைப் பற்றியும் இங்கு சொல்லியாக வேண்டும். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்பது நமது மரபு. ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பது வரலாற்றாசிரியர் துணிபு. எவர் கட்டினும், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த அணைக்கட்டு 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை மூன்று மணியளவில் உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உறக்கத்திலேயே வெள்ளத்துக்கு இரையாயினர். 1,600க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. உடைப்புக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, அளவுக்கு மீறிய பாரமுள்ள வாகனங்கள் அணைக்கட்டின்மீது செலுத்தப்பட்டமை. மண்ணணை மாட்டு வண்டிலைத் தாங்கும். அதன்மீது எதை ஏற்றலாம் என்று முடிவு செய்தவர்கள் அவ்வண்டிகளின் சாரதிகள் அல்லர். பாரத்தை அளந்து ஏற்றுபவர் ஒருவர், அதன் இலாபத்தை எண்ணுபவர் ஒருவர், அதன்மேல் அமர்ந்து செல்பவர் வேறொருவர். தடுப்பை அழுத்தும்போது அந்தப் பாரம் முழுவதும் அமர்ந்து செல்பவரின் முதுகில்தான் வந்து மோதுகின்றது. பாரம் இருமடங்கானால் வண்டியை நிறுத்தத் தடுப்பு விழுங்கவேண்டிய ஆற்றலும் இருமடங்கு. வேகம் இருமடங்கானால் நான்கு மடங்கு. மாத்தளைக்கு அப்பால் மலை இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்காது தடுப்பையே நம்பிய வண்டி, தடுப்பு சூடேறி வலுவிழக்கும்போது எவருக்கும் கட்டுப்படாது. பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் இச்சூத்திரத்தைப் பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட கிளீனர் பையன் ஓர் இறக்கத்தில் கற்றுக்கொள்கின்றான்.

போர்க்காலம் இவ்வீதிக்கு வேறொரு அச்சத்தைக் கொண்டுவந்தது. 1983 ஜூலையில் கடற்படையினர் சிலர் முகாமை விட்டு வெளியேறித் திருகோணமலை நகரில் தமிழரின் கடைகளையும் வீடுகளையும் எரித்தனர். 1987 ஏப்ரல் 17ஆம் திகதி, ஹபரணை - திருகோணமலை வீதியில் அளுத் ஓயாவுக்கு அண்மையில், பேருந்துகளையும் லொறிகளையும் மறித்துச் சிங்கள மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் கொன்றனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைப்போரும், பின்னதைச் சொல்லி முன்னதை மறைப்போரும் வரலாறு எழுதத் தகுதியற்றவர். சாரதிக்கு இரண்டுமே ஒரே வீதியில் நடந்தவை. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே சந்தியில் தேநீர் குடித்து, சில்லு மாற்ற ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்ந்த தொழில் இது. அதில் ஒருவனின் பெயரே அவனது உயிருக்கு விலையாகிய காலம் வந்தது. சோதனைச் சாவடியில் மூட்டை முழுவதையும் இறக்கிப் பரிசோதித்துத் திரும்ப ஏற்றிய நாட்கள் அவை. ஒரு பயணத்துக்குள் இரு பயணங்களின் உழைப்பு. ஆனால் சென்றடையவேண்டிய நேரம் மட்டும் மாறவில்லை. சாவடியில் இழந்த மணிகளைச் சாரதி தன் உறக்கத்திலிருந்தே ஈடுசெய்தார்.

உறக்கத்துக்கு வருவோம். காலை ஆறு மணிக்கு எழுந்த சாரதி பகலெல்லாம் பாரமேற்றும் வரிசையில் காத்திருக்கின்றார். காத்திருத்தல் ஓய்வாகாது, வரிசை நகரும்போதெல்லாம் வண்டியும் நகரவேண்டும். இருட்டும் வேளையில் புறப்படுகின்றார். நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே மனித உடல் உறக்கத்தைக் கேட்டே தீரும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் விழித்திருந்த நேரம் 24 மணித்தியாலம். 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வின்படி, 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடையவை போலத் தடுமாறுகின்றன. 24 மணித்தியாலத்தில் அத்தடுமாற்றம் 0.10 வீதத்துக்கு ஒப்பாகின்றது. நமது நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வகுத்த எல்லை 0.08 வீதம். மது அருந்தியவரைப் பொலிசார் குழாயில் ஊதச் சொல்லிப் பிடிக்கின்றனர். உறங்காதவரைப் பிடிக்கும் குழாய் இன்னும் வரவில்லை. வந்தாலும் அதை ஊதவேண்டியவர் சாரதி மட்டுந்தானா?

வெற்றிலையும், தேநீரும், முகத்தில் அடிக்கும் குளிர்நீரும் சிறிது நேரத்துக்கே உதவும். உறக்கத்துக்கு மருந்து உறக்கமே. வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் ஓரளவு தெளிவு வரும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று விநாடி கண்மூடினால் வண்டி ஐம்பது மீற்றர் குருடாக ஓடியிருக்கும். இவற்றை வயதான சாரதிகள் ஆய்வின்றியே அறிந்து வைத்திருக்கின்றனர். அறியாமையால் எவரும் இரவு முழுவதும் ஓட்டுவதில்லை. ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுமிடத்தில், நிறுத்திய ஒவ்வொரு மணியும் அடுத்த ஓட்டத்தைத் தள்ளிப்போடுகின்றது. சாரதிகள் அனைவரும் மாசற்றவர் என்று நாம் வாதிட வரவில்லை. குடித்துவிட்டு ஓட்டுவோரும், முந்திச் செல்வதில் வீரம் காண்போரும் அவர்களுள் உண்டு. ஆயினும், வீதியோரத்துப் பலகைகளெல்லாம் சாரதியை மட்டுமே பார்த்துப் பேசுகின்றன. பாரமேற்றும் மேடையிலும் கணக்குப் பிள்ளையின் மேசையிலும் அத்தகைய பலகை ஒன்றையும் நாம் கண்டதில்லை.

இது தீர்வற்ற பிரச்சினையன்று. இங்கிலாந்தின் 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம், பாரவண்டிச் சாரதி தொடர்ச்சியாக ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேலும், ஒரு நாளில் பதினொரு மணித்தியாலத்துக்கு மேலும் ஓட்டலாகாது என்று விதித்தது. அங்கே தொழிற்சங்கங்கள் வலுவாயிருந்தன. 1961இல் இந்தியா இயற்றிய மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 48 என்று வரையறுத்து, ஐந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வையும் சேர்த்தது. சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 1979ஆம் ஆண்டு உடன்படிக்கை, தொடர்ச்சியான ஓட்டத்தை நான்கு மணித்தியாலமாகவும் நாளின் மொத்த ஓட்டத்தை ஒன்பதாகவும் குறைத்தது. எழுதுவது எளிது, எண்ணுவது எவர்? ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970இல் இதற்கும் விடை கண்டது. வண்டி ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் தானே குறித்துவைக்கும் டாக்கோகிராப் என்னும் கருவியைப் பாரவண்டிகளில் பொருத்தவேண்டும் என்று விதித்தது. அக்கருவி சாரதியைக் கண்காணிப்பது உண்மையே. ஆனால் ‘இன்னும் ஓர் ஓட்டம் போய் வா’ என்னும் வாய்மொழிக் கட்டளைக்கு அதுவே சாட்சியாகவும் நிற்கின்றது. நமது நாட்டில் 1934ஆம் ஆண்டிலிருந்தே வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. வேலையின்போது நேர்ந்த காயத்துக்கும் மரணத்துக்கும் நட்டஈடு கோரலாம். நியமனக் கடிதமின்றி நாட்கூலிக்கு ஓடியவரின் மனைவி, அவர் யாரிடம் வேலை செய்தார் என்பதை நிறுவுவதிலேயே மாதங்களைக் கழிக்க நேர்கின்றது.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். நாடெங்கும் எரிபொருள் வற்றிய ஜூன், ஜூலை மாதங்களில் திருகோணமலைக் குதங்களிலிருந்து புறப்பட்ட பவுசர்களுக்காக மக்கள் வீதிகளில் காத்துக்கிடந்தனர். அவ்வண்டிகளுக்குப் பொலிஸ் காவலும் இராணுவக் காவலும் கிடைத்தன. அதே ஜூன் மாதத்தில், மேல் மாகாணத்து எரிபொருள் நிலையமொன்றின் வரிசையில் ஐந்து நாட்கள் காத்திருந்த 63 வயது லொறிச் சாரதி ஒருவர் தம் வண்டிக்குள்ளேயே இறந்து கிடந்தார். அவ்வண்டி ஓடவில்லை, மோதவில்லை. எந்த விபத்துக் கணக்கில் அவரைச் சேர்ப்பது?

ஹபரணைச் சந்தியில் பின்னிரவில் இறங்கிப் பார்த்தால், வீதியோரத்தில் லொறிகள் வரிசையாய் நிற்பதைக் காணலாம். சாரதி இருக்கையில் கால்களை மடக்கிச் சாய்ந்திருக்கின்றார். கிளீனர் பையன் தார்ப்பாயின்மேல் மூட்டைகளுக்கு நடுவே கிடக்கின்றான். கழிப்பறையும், குளிக்க நீரும், வெளிச்சமும் காவலும் உள்ள ஒரு தரிப்பிடம் அங்கே அமைந்தால், காட்டுக்குள் நுழையுமுன் எத்தனை பேர் நின்று உறங்கிச் செல்வர்! துறைமுகத்தை விரிவாக்கும் திட்டங்கள் பல கைச்சாத்தாகின்றன. 2022 ஜனவரியில் எண்ணெய்க் குதங்களைப் பற்றிய உடன்படிக்கையும் கைச்சாத்தாகிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வெளிவந்தது. குதங்களின் எண்ணிக்கை, கொள்ளளவு, பங்குவீதம் யாவும் அச்செய்திகளில் இருந்தன. அவ்வெண்ணெயைக் கொண்டு செல்பவர் எங்கே உறங்குவார் என்ற வரியை நாம் தேடிப் பார்த்தோம்.

அந்த மாணவனின் கட்டுரை ஒரு பக்கத்துக்கு மேல் நீளவில்லை. இடையில் இரண்டு சந்திப் பிழைகள் இருந்தன; திருத்தினோம். கடைசி வாக்கியத்தில் திருத்த ஒன்றுமில்லை: பின்னேரம் ஐந்து மணிக்கு அம்மா எழுப்பினார், அப்பா சாப்பிட்டுவிட்டு மீண்டும் போனார்.